அண்ணனுக்கு ஓய்வூதியம், தங்கைக்கு விசாரணை

போன கோடையில் ஒருநாள் அப்பாவையும் அத்தையையும் ஒரே ஆட்டோவில் உட்கார வைத்து தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். அப்பாவுக்குக் கருவூலத்தில் வருடாந்திர நேர்காணல். ஓய்வூதியர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று ஆளைக் காட்டிவிட்டு வருவது. அத்தைக்கு முதியோர் உதவித்தொகை மனு. எங்கள் பக்கம் அதற்கு ‘ஓ.ஏ.பி.’ என்றுதான் பெயர். ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாத கிழவிகளும் அந்த மூன்றெழுத்தை மட்டும் பிசிறில்லாமல் சொல்வார்கள்.

இரண்டு அலுவலகமும் ஒரே வளாகம். கருவூலம் கீழே. சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியர் மாடியில்.

அப்பாவின் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. புத்தகத்தைக் காட்டினார், ஆதாரைக் காட்டினார், விரலை வைத்தார். “அவ்வளவுதான் சார், வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போங்க” என்றார் அங்கிருந்த பெண். பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு மகன் ஒருவன் நிற்கிறானே, அவன் என்ன சம்பாதிக்கிறான், வீடு யார் பேரில் இருக்கிறது, நிலம் எத்தனை சென்ட் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. 34 வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவருக்கு அது உரிமை.

மாடியில் அத்தையிடம் முதல் கேள்வியே அதுதான்.

“ஏம்மா, பையன் இருக்காரா?”

“இருக்கான் சார். திருப்பூர்ல பனியன் கம்பெனில.”

“பணம் அனுப்புறாரா?”

அத்தை என்னைப் பார்த்தார். சரியான பதில் அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ‘கண்டுக்கிறதே இல்ல சார்’ என்று சொல்ல வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு அந்த எழுத்தர் காத்திருந்தது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை. அத்தை சொன்னார்: “அனுப்புவான் சார், இருந்தா அனுப்புவான். அவனுக்கும் ரெண்டு புள்ளைங்க.”

பேனா எதையோ எழுதியது. படி இறங்கும்போது நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க என்று. கைப்பிடியைப் பிடித்தபடி நின்று சொன்னார்: “எம் புள்ள எனக்குச் சோறு போடலன்னு நானே எழுதிக் குடுக்கவாடா?”

வயதானவர்களுக்கு அரசு கொடுக்கும் பணம் எல்லோருக்குமா, இல்லாதவர்களுக்கு மட்டுமா என்று பட்ஜெட் சமயத்தில் பெரிய மேசைகளில் பேசுகிறார்கள். அது கணக்குப் பிரச்சினை என்று நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிக்கட்டுக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

இருபது ரூபாயில் தொடங்கியது

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962 ஏப்ரல் 1-ம் தேதி, காமராஜர் முதல்வராக இருந்தபோது தொடங்கியது. மாதம் 20 ரூபாய். மத்திய அரசு இப்படி ஒரு திட்டத்தை நினைத்துப் பார்க்க 1995 ஆகஸ்ட் 15 வரை ஆனது. அதாவது நாம் 33 வருடம் முன்னால் இருந்தோம். 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இந்த முதியோரும் சத்துணவு மையத்தில் சாப்பிடலாம் என்று ஆனது. தட்டோடு வரிசையில் பேரனும் பாட்டியும் நின்ற ஊர்கள் உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி, சேலை. 2011-ல் பதவியேற்றதும் ஜெயலலிதா போட்ட முதல் உத்தரவுகளில் ஒன்று, 500-ஐ ஆயிரமாக்கியது. அதன்பின் 12 வருடம் அதே ஆயிரம். 2023 ஆகஸ்டில் 1,200 ஆயிற்று. விதவையர், மாற்றுத்திறனாளிகள் என்று எல்லா வகையும் சேர்த்து, சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை வாங்குபவர்கள் அப்போது சுமார் 30 லட்சம் பேர்.

தொகை மாறியது, திட்டத்தின் அடிப்படைச் சொல் மட்டும் மாறவில்லை. அந்தச் சொல் ‘ஆதரவற்றவர்’. ஒரு காலத்தில் வளர்ந்த மகனோ மகன் வழிப் பேரனோ இருக்கக் கூடாது என்றே விதி இருந்தது. பின்னால் தளர்த்தினார்கள். காகிதத்தில் தளர்ந்தது மேசையில் தளரவில்லை என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

இதற்கு மேல் டெல்லியின் கணக்கு ஒன்று இருக்கிறது. 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2006-ல் நிர்ணயித்தது. டீ மூன்று ரூபாய்க்குக் கிடைத்த காலத்து 200. எண்பதைத் தாண்டினால் 500. அது 2011-ல் வந்தது. நாடு முழுவதற்கும் சுமார் 2.2 கோடிப் பேர் என்று உச்சவரம்பு. அந்த வரம்புக்கு அடிப்படை 2001 மக்கள்தொகைக் கணக்கு. அன்று முப்பத்தைந்து வயதில் கதிர் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் இன்று அறுபதைத் தொடுகிறார்கள். வரம்பு அசையவில்லை. மாநிலங்கள் தங்கள் காசைப் போட்டுத்தான் மிச்சப் பேருக்குக் கொடுக்கின்றன. அதிலும் ஒதுக்கீடு, காத்திருப்புப் பட்டியல். கிராமத்துத் திண்ணைகளில் இதைச் சுருக்கமாகச் சொல்வார்கள்: “யாராச்சும் செத்தாத்தான் நமக்கு வரும்.”

கிரைண்டர் இருக்கிறதே

மனு கொடுத்த மூன்றாவது வாரம் அத்தை வீட்டுக்கு விசாரணை வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒன்றரை அறை. வந்தவருக்கு அத்தை காபி போட்டுக் கொடுத்தார். அவர் காபியைக் குடித்துக்கொண்டே கண்ணை ஓட்டினார். கேஸ் அடுப்பு. டி.வி. மிக்சி. கிரைண்டர். ஃபேன்.

“வீட்ல எல்லா வசதியும் இருக்கேம்மா.”

கேஸ் அடுப்பும் டி.வி.யும் கலைஞர் கொடுத்தது. மிக்சி, கிரைண்டர், ஃபேன் அம்மா கொடுத்தது. டி.வி. ஓடி ஆறு வருடம் ஆகிறது. அதன்மேல் மஞ்சள் பையில் மாத்திரைகள் இருந்தன. அரசு ஒரு கையால் கொடுத்ததை வைத்து இன்னொரு கை வசதியை அளக்கிறது. வந்தவர்மேலும் எனக்குக் குறையில்லை. வருமான வரம்பு என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, வருமானத்துக்கு ரசீதே இல்லாத ஒரு நாட்டில் போய் அளந்து வா என்றால் அவர் எதைத்தான் பார்ப்பார்? ஐம்பது வருடம் நாற்று நட்டு, களை பறித்து, கடைசிப் பத்து வருடம் சித்தாளாகச் செங்கல் சுமந்த பெண்ணிடம் வருமானச் சான்று என்ன இருக்கும்? வேலை பார்த்த கணக்கில் அத்தை அப்பாவைவிட பதினாறு வருடம் கூடுதல். அதற்குப் பதிவேடு கிடையாது, அவ்வளவுதான்.

வசதி பார்த்துக் கொடுப்பதில் இரண்டு வகைத் தவறு நடக்கும். கிடைக்கக் கூடாதவருக்குக் கிடைத்துவிடுவது ஒன்று. கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்காமல் போவது இன்னொன்று. முதல் தவறு நடந்தால் பத்திரிகையில் வரும். 2024 நவம்பரில் கேரளத்தில் வந்தது. ஏழைகளுக்கான நலத்திட்ட ஓய்வூதியத்தை 1,458 அரசு ஊழியர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் கெசட்டட் அதிகாரிகளும் கல்லூரி உதவிப் பேராசிரியர்களும் இருந்தார்கள். நாடே காறித் துப்பியது, துப்ப வேண்டியதுதான். இரண்டாவது தவறு பத்திரிகையில் வராது. அத்தையின் மனு நிராகரிக்கப்பட்டால் அது எந்த ஊரிலும் செய்தி இல்லை.

கேரளச் சம்பவத்தில் நான் கவனித்தது வேறொன்று. அந்த 1,458 பேரைப் பிடிக்க வீடு வீடாகப் போய்க் காபி குடிக்க வேண்டியிருக்கவில்லை. கணினிப் பதிவுகளைச் சரிபார்த்தார்கள், கிடைத்துவிட்டார்கள். அரசுச் சம்பளம், அரசு ஓய்வூதியம், வருமான வரி என்று பணம் உள்ளவரின் காலடி எங்காவது பதிந்திருக்கும். இல்லாதவரின் இல்லாமை எங்கும் பதிவதில்லை. ஆகவே மேலே இருப்பவரைக் கழிப்பது சுலபம். கீழே இருப்பவரைப் பொறுக்கி எடுப்பதுதான் செலவும் லஞ்சமும் அவமானமும். நாமோ அறுபது வருடமாகச் சுலபமானதை விட்டுவிட்டுக் கஷ்டமானதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

லண்டனில் ஒரு குளிர்காலம்

பதிவேடுகள் பக்காவாக இருக்கும் நாட்டிலாவது இது சரியாக நடக்குமா என்று கேட்கலாம். பிரிட்டனில் 2024-ல் நடந்ததைப் பார்ப்போம்.

அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைக்க வயதானவர்களுக்கு ஒரு தொகை கொடுப்பார்கள். 1997-ல் கோர்டன் பிரவுன் நிதியமைச்சராக இருந்தபோது வந்தது. பிரபுவுக்கும் உண்டு, பஸ் டிரைவருக்கும் உண்டு. 200 பவுண்ட், 80 வயதுக்கு மேல் 300. கோடீஸ்வரக் கிழவர்களுக்கு எதற்கு இந்தக் காசு என்ற கேள்வி எப்போதும் இருந்தது, நியாயமான கேள்வியும்கூட. 2024 ஜூலை 29-ம் தேதி நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், மிகக் குறைந்த வருமானக்காரருக்கான ‘பென்ஷன் கிரெடிட்’ போன்ற உதவிகள் வாங்குபவர்களுக்கு மட்டுமே இனி இது என்று அறிவித்தார். 1 கோடியே 14 லட்சம் பேர் வாங்கிய தொகை, 15 லட்சம் பேருக்குச் சுருங்கியது.

அந்தப் பென்ஷன் கிரெடிட் படிவத்தில் அப்போது 243 கேள்விகள் இருந்தன. தகுதியிருந்தும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் விண்ணப்பிப்பதே இல்லை. சிலருக்குத் தெரியாது, சிலருக்குப் படிவம் புரியாது, சிலருக்குக் கூச்சம். அத்தையின் கூச்சத்துக்கும் மான்செஸ்டர் பாட்டியின் கூச்சத்துக்கும் நடுவில் ஏழு கடல் இருந்தாலும் வித்தியாசம் அதிகமில்லை போலிருக்கிறது. வரம்புக்கு ஒரு பவுண்ட் மேலே இருந்தவர் மொத்தத்தையும் இழந்தார். 2025 மே மாத உள்ளூர்த் தேர்தலில் ஆளும் தொழிலாளர் கட்சி வாங்கிய அடிக்கு இதுவும் ஒரு காரணம் என்று அந்தக் கட்சிக்காரர்களே பேசினார்கள். ஜூன் மாதம் பின்வாங்கினார்கள்.

பின்வாங்கிய விதம்தான் நமக்கு முக்கியம். பழையபடி எல்லோருக்கும் அனுப்பிவிடுவார்கள். ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேல் உள்ளவரிடம் மட்டும் வரி வழியாகத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். வேண்டாம் என்பவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து விலகலாம். 243 கேள்விக்குப் பதிலாக, வரித் துறையிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரே ஒரு எண். யாரும் யாரிடமும் போய் நான் ஏழை என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டன் பணக்கார நாடு, அதற்குக் கட்டுப்படியாகும் என்பீர்கள். நேபாளம் நம்மைவிட ஏழை. அங்கே 1995-ல், 75 வயதானால் போதும், மாதம் 100 ரூபாய் என்று தொடங்கினார்கள். இன்று 68 வயது, 4,000 நேபாள ரூபாய். நம் காசில் 2,500. அரசு ஓய்வூதியம் வாங்குபவர் மட்டும் விலக்கு. பீகாரே 2019-ல் இந்த வழிக்கு வந்துவிட்டது. அரசு ஓய்வூதியம் இல்லாத, அறுபது தாண்டிய எல்லோருக்கும் என்று. அப்போது கொடுத்த 400 ரூபாய் சிரிப்பை வரவழைக்கும் தொகை. 2025-ல் 1,100 ஆனபோது யாரும் சிரிக்கவில்லை.

ரேஷன் கடை சொல்லித் தந்தது

இதற்கெல்லாம் நேபாளம் வரை போக வேண்டுமா என்ன? தெருமுனை ரேஷன் கடைக்குப் போனால் போதும்.

1997-ல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று இரண்டாக வெட்டியது. தமிழ்நாடு வெட்டவில்லை. கார்டு உள்ள எல்லோருக்கும் கடை என்று நின்றது. அன்று பொருளாதாரம் படித்தவர்கள் நிறையப் பேர் இதை ஊதாரித்தனம் என்றார்கள். என்ன நடந்தது? வாத்தியார் வீடும் அதே கடை, கூலிக்காரர் வீடும் அதே கடை என்பதால், அரிசியில் புழு இருந்தால் வாத்தியார் வீட்டிலிருந்தும் சத்தம் வந்தது. வறுமைக்கோட்டுப் பட்டியல் போட்ட மாநிலங்களில் யார் பட்டியலில் இருப்பது என்பதே தனி வியாபாரம் ஆனது.

இன்னொரு நுணுக்கமும் நம்மிடம் உண்டு. அரிசி வேண்டாம், சர்க்கரை போதும் என்பவருக்குச் சர்க்கரை அட்டை. எதுவுமே வேண்டாம் என்பவருக்குப் பொருளில்லா அட்டை. வசதியுள்ளவரை யாரும் விரட்டவில்லை. அவரே ஒதுங்கிக்கொள்ள ஒரு கதவு வைத்தோம். லண்டனில் 2025-ல் கண்டுபிடித்தது நம்மிடம் எப்போதிருந்தோ இருக்கிறது.

அப்படிப்பட்ட ஊரில் மகளிர் உரிமைத்தொகை வந்தபோது நடந்ததும் நினைவிருக்கும். 2021 தேர்தல் வாக்குறுதியில் குடும்பத் தலைவிகள் எல்லோருக்கும் என்று புரிந்துகொண்டோம். 2023 செப்டம்பர் 15-ம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கும்போது ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், வருடத்துக்கு 3,600 யூனிட் மின்சாரம், நன்செய் ஐந்து ஏக்கர் என்று வரம்புகள் வந்துவிட்டன. ஆனாலும் 1 கோடியே 6 லட்சம் பேருக்குக் கிடைத்தது. அது ஏறக்குறைய மேலிருந்து கழித்த பட்டியல். முதியோர் உதவித்தொகையோ இன்னும் கீழிருந்து பொறுக்கிய பட்டியல். பெயரிலேயே இருக்கிறது வித்தியாசம்: மருமகள் வாங்குவது உரிமை, மாமியார் கேட்பது உதவி. எங்கள் அத்தை வீட்டில் அப்படித்தான். ஒரே கார்டு, உரிமைத்தொகை மருமகள் பேரில்.

காசுக்கு எங்கே போவது?

தட்டிக் கழிக்கக் கூடிய கேள்வி இல்லை இது. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் அறுபது தாண்டியவர்கள் 2021-ல் சுமார் 13.6 சதவீதம் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். தோராயமாக ஒரு கோடிப் பேர். 2031-ல் 18 சதவீதத்தைத் தாண்டும். ஒரு கோடிப் பேருக்கு மாதம் 1,200 என்றால் வருடத்துக்கு 14,400 கோடி. அரசு ஓய்வூதியரையும் வருமான வரி கட்டுபவரையும் கழித்து 85 லட்சம் பேர் என்று வைத்தால் 12,000 கோடிக்குக் கொஞ்சம் மேல். இப்போதே எல்லா வகை உதவித்தொகைக்கும் சேர்த்து நான்காயிரம் கோடிக்கு மேல் செலவாகிறது. அதை முழுக்கக் கழித்தாலும் புதிதாகத் தேவை சுமார் 8,000 கோடி. இது என் மேசைக் கணக்கு. கோட்டையில் இருப்பவர்கள் இதைவிடத் துல்லியமாகப் போடுவார்கள்.

பெரிய தொகைதான். ஆனால் உரிமைத்தொகைக்கு வருடம் 13,000 கோடிக்கு மேல் ஒதுக்குகிறோம். என் அப்பா போன்றவர்களின் ஓய்வூதியத்துக்கும் அது சார்ந்த பலன்களுக்கும் 35,000 கோடிக்கு மேல் போகிறது. அப்பாவின் காசில் கை வைக்கச் சொல்லவில்லை, வைத்தால் அவர் என்னைச் சும்மா விடமாட்டார். அந்த 35,000 கோடியைப் பற்றிப் பேசும்போது ‘தகுதி வாய்ந்த’ என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லையே என்றுதான் சொல்கிறேன்.

முடியவே முடியாது என்றால் வயதை வைத்துத் தொடங்கலாம். எழுபது தாண்டிய எல்லோருக்கும், பிறகு 65, பிறகு அறுபது. வயது, மகனின் மணியார்டரைப் போல மாதாமாதம் மாறாது. அதற்காகப் பொய் சொல்லவும் வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசே, எழுபது தாண்டிய யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு என்று தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு வருமானம் பார்க்காத அரசு, மாத்திரைக்கும் சோற்றுக்கும் ஏன் பார்க்க வேண்டும்? வயது வழியிலும் ஒரு அநியாயம் உண்டு. செங்கல் சுமந்த உடம்புக்கு அறுபதிலேயே எழுபது ஆகிவிடும். நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு எழுபதிலும் வாக்கிங் போகும். மொரீஷியஸில் இதுதான் இப்போது சண்டை. அங்கே 1958 முதல் எல்லோருக்கும் முதியோர் ஓய்வூதியம். 2004-ல் வருமானம் பார்க்கத் தொடங்கிய ஆட்சி அடுத்த வருடமே தோற்றது. நவீன் ராம்கூலம் வந்து பழையபடி மாற்றினார். அதே ராம்கூலம்தான் 2025 பட்ஜெட்டில் வயதை 60-லிருந்து படிப்படியாக 65 ஆக்கப்போவதாகச் சொல்லி ஊர்வலங்களைச் சந்தித்தார். எல்லோருக்கும் என்பதால் செலவே இல்லாமல் போய்விடாது.

கொடுத்ததை எடுப்பதில் ரயில்வே வேறு பாடம். 60 வயது ஆணுக்கு 40 சதவீதம், 58 வயதுப் பெண்ணுக்குப் பாதி என்றிருந்த கட்டணச் சலுகை, 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நின்றது. கொரோனா போய்விட்டது. ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி.யிலுமாவது திருப்பிக் கொடுங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு கேட்டது. நல்ல யோசனை, ஸ்லீப்பரில் ஏறுவதே ஒரு வருமானச் சான்றுதான். நடக்கவில்லை.

கடைசியில் அத்தையின் மனு தள்ளுபடி ஆனது. குறுஞ்செய்தி என் போனுக்குத்தான் வந்தது. பக்கத்து வீட்டம்மா வழி சொன்னார்: “தனிக் கார்டு போட்டுருங்கக்கா. மகன் கார்டுல பேரு இருக்கிற வரைக்கும் ஒன்னும் நடக்காது. நான் அப்படித்தான் வாங்குனேன்.” ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள். ஒரே அடுப்பில் சமைத்து, இரண்டு கார்டில் வாழ்கிறார்கள்.

அத்தை சில மாதம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். கரும்பை வெட்டிக்கொண்டிருந்தவனிடம், அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: “உன் கார்டுல இருந்து எம் பேர எடுத்துருப்பா.”

அவன் அரிவாளைக் கீழே வைத்தான்.

“ஏம்மா, நான் என்ன பண்ணேன்?”